ஐப்பசி பாலிஷ்

மாதவரத்தில் ஐப்பசி மாதம் மரத்துக்கு பாலிஷ் போடக் கூடாது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் முகூர்த்தம் விட்டிருக்காது. ஆடியில் வீடு குடிபோகக் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் பேச்சே கிடையாது. ஆவணியைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்துக் கிடைப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். வடகிழக்குப் பருவமழை சென்னையைப் பிடித்து உலுக்குவதும் அதே இரண்டு மாதங்களில்தான். ஆக, இந்த ஊரில் பல வீடுகளின் மரவேலை, செய்யவே கூடாத பருவத்தில் அவசர அவசரமாக முடிகிறது. புரோகிதர் பார்ப்பது பஞ்சாங்கத்தை. பாலிஷ்காரரைக் கேட்பார் யாருமில்லை.

எங்கள் வீடு குடிபோனது 2022 ஐப்பசியில். பால்பண்ணைப் பக்கம் மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டத் தொடங்கியிருந்த சமயம். ஜி.என்.டி. சாலையின் லாரிப் புழுதியோடு அந்த மண்ணும் சேர்ந்துகொண்டது. மழை பெய்தால் சேறு, வெறித்தால் புழுதி. தரைத்தள வீடு என்பதால் இரண்டும் முதலில் எங்களைத்தான் விசாரிக்கும். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க நான்கு கதவு அலமாரி, தேக்கு வினீரில். கான்ட்ராக்டர் காட்டிய படத்தில் அது தேன் நிறத்தில் மினுங்கியது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் கடைசிக் கோட் அடித்தார்கள். வெளியே தூறல், ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மறுநாள் ஹோமப் புகையில் எதுவும் தெரியவில்லை. வந்தவர்களும் சாப்பாட்டைத்தான் கவனித்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் அதை நிதானமாகப் பார்த்தேன். முதல் கதவில் வெண்படலம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று சேராத நிறம். நான்காவது வேறு வீட்டுக் கதவு என்றால் நம்பலாம். விளிம்புகளில் செக்கச்செவேல் என்று திட்டுகள். நடுநடுவே ஸ்டெய்ன் பிடிக்காமல் விரல் அகலத்துக்கு வெளுத்த இடங்கள். கைவைத்தால் மணல் நெருடுகிறது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். அவர் கைவசம் இரண்டு யோசனைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே 'டார்க் வால்நட்' ஒரு கோட் அடித்துவிடலாம், எதுவும் தெரியாது. அது வேண்டாம் என்றால் சன்மைக்கா ஒட்டிவிடலாம், பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. தேக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டச் சொல்கிற தைரியம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மணலியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், சண்டை போட நேரமில்லாதவர். "இருந்துட்டுப் போகட்டும் விடு" என்றார். விடாதவர் என் மாமியார்.

அத்தை ரங்கூனில் பிறந்தவர். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஓரிரு வருடங்களில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசுடைமையாக்கியபோது கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்படி வந்தவர்கள் குடியேறிய இடங்கள் வடசென்னையில் பல. வியாசர்பாடியில் உண்டு, மணலியைத் தாண்டிச் சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்றே ஓர் ஊர் உண்டு. அத்தையின் அம்மா கூடவே கொண்டுவந்த தேக்குப் பெட்டி ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. மூடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அந்தப் பெட்டியை ஒரு பார்வை, அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது தேக்குன்னு அது சொல்லவே இல்லையேம்மா" என்றார். பிறகு திருவொற்றியூரில் இருக்கும் சொந்தக்காரர் வழியாகப் பாலிஷ் மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

போனில் பேசியபோது தை மாதம். மேஸ்திரி வரமாட்டேன் என்றார். "பனி போவட்டும்மா. பங்குனில வரேன். அதுவரிக்கும் அத்தத் தொடாத, ஈரத் துணி போட்டுத் தொடைக்காத." சொன்னபடியே பங்குனியில் வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் கண்ணாடியும் ஒரு துண்டு உப்புத்தாளும். அவருடைய அப்பா திருவொற்றியூர் விம்கோவில் வேலை பார்த்தவர். ஸ்வீடன்காரர்கள் 1923இல் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி அது. அதன் பெயர்தான் இன்று ரயில் நிலையத்திலும், 2021இல் திறந்த மெட்ரோ நிலையத்திலும் விம்கோ நகர் என்று நிற்கிறது. தீக்குச்சிக்குக் கட்டையை ராட்டையில் மாட்டிச் சுழற்றுவார்கள். நீளக் கத்தி அதன் உடம்பைத் தாளாக உரித்துக்கொண்டே போகும். அந்தத் தாளைத்தான் குச்சியாக வெட்டுவது. "மரம் துணி மாறி உரிஞ்சி வர்றத சின்ன வயசுலயே பாத்தவன் நானு" என்றார். பிறகு அவர் பழகியது துறைமுகத்தில் பழுதுபார்க்க நிற்கும் கப்பல்களில், கேபின் பலகைகளுக்குப் பாலிஷ் போடும் வேலை. கப்பலில் எடை முக்கியம் என்பதால் கேபின் சுவர்களில் வினீர்தான் அதிகம் என்பார். உப்புக் காற்றில் வினீருக்கு வரக்கூடிய அத்தனை நோயும் அவருக்கு அங்கேயே பழக்கம்.

அலமாரியை அவர் நேராகப் பார்க்கவே இல்லை. ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, என் செல்போன் டார்ச்சை வாங்கிக் கதவோடு ஒட்டி வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓடவிட்டார். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாதிருந்த மேடு பள்ளம், தூசிப் பரு, மிஷின் போட்ட வட்ட வட்டக் கோடு எல்லாம் நிழல் கட்டி எழுந்து நின்றன. "இன்னாம்மா இது, மூஞ்சில பவுடர அப்புன மாறி கீது" என்று முதல் கதவின் வெண்படலத்தைத் தடவினார். லாக்கரில் கலக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகிற சரக்கு. ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, காயாத லாக்கருக்குள் சிக்கி வெளுத்துவிடும். ஐப்பசித் தூறலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ராத்திரி அடித்தால் வேறென்ன ஆகும்?

சிவப்புத் திட்டாக விளிம்புகளில் தெரிந்தது சாயமே அல்ல, அடிமரம். கடையில் வாங்கும் தேக்கு வினீர் ஷீட் எட்டுக்கு நான்கு அடி, கனம் நான்கு மில்லிமீட்டர். அதில் தேக்கு என்பது மேலே இருக்கும் அரை மில்லிமீட்டர், பல சமயம் அதற்கும் குறைவு. மிச்சமெல்லாம் வேறு மரம். எங்கள் ஷீட்டின் அடியில் இருந்தது கர்ஜன் என்கிற சிவந்த மரம், பிளைவுட்காரர்கள் விரும்பி வாங்குவது. மிஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் விளிம்பில் ஒரு நொடி கூடுதலாக நின்றிருக்கிறார், தேக்கு தீர்ந்துபோய் கர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டது. கர்ஜன் பர்மாவில் விளைகிற மரம் என்று மேஸ்திரி சொன்னதும் அத்தை கிட்டே வந்து அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் முழுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து முழுக்கட்டை வருவதில்லை, அறுத்தோ, தாளாகச் சீவியோதான் வரும். "நம்மள மாதிரியே அதுவும் தோலை உரிச்சுட்டுத்தான் வந்திருக்கு" என்றார் அத்தை. மேஸ்திரி சிரிக்கவில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் இன்றும் விருந்தாளிகளிடம் செய்து காட்டுவேன். என்னை அறையின் இடது மூலையில் நிறுத்தி, "ரெண்டாவது கதவு கருப்பா, மூணாவதா?" என்றார். இரண்டாவது. வலது மூலைக்கு நடக்கச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டார். இப்போது மூன்றாவது கருத்திருந்தது! ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களில் ஒன்றைப் புத்தகம் விரிப்பதாகத் திருப்பி ஒட்டுவது வழக்கம், வரிகள் இருபுறமும் சமமாக விரியும் என்பதற்காக. அப்படித் திருப்பும்போது ஒரு தாளில் நார்கள் இந்தப் பக்கமாகச் சாய்ந்தால் அடுத்ததில் அந்தப் பக்கமாகச் சாயும். வெளிச்சம் பட்டுத் திரும்புகிற கோணம் மாறும். அதனால்தான் ஒன்று கருத்தும் ஒன்று வெளுத்தும் தெரிகிறது. ஆள் இடம் மாறினால் நிறமும் மாறும். "இது கலரே இல்லம்மா, வெளிச்சம். இதுல கைய வச்சா ஆயுசுக்கும் சேராது." கான்ட்ராக்டரின் ஆட்கள் அந்த இரண்டையும் ஒன்றாக்க முயன்றுதான் ஒன்றின் மேல் கூடுதலாக ஸ்டெய்ன் பூசியிருந்தார்கள். நான்காவது கதவு வேறு கதை. அது வேறு கட்டின் ஷீட். மற்ற மூன்றிலும் மலை மலையாக எழும்பும் வரி, அதில் மட்டும் நேர்வரி. அங்கேதான் உண்மையான நிற வேலை இருக்கிறது என்றார்.

முதலில் இருப்பதை எடுக்க வேண்டும். எது பூசியிருக்கிறது என்று பார்க்க, கதவின் உள்பக்க மூலையில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டார், அசையவில்லை. அவலரக்கு பாலிஷாக இருந்தால் இளகியிருக்கும். தின்னர் ஒரு சொட்டு விட்டதும் பிசுபிசுத்தது. லாக்கர்தான், பி.யூ. எனும் பாலியூரிதேன் இல்லை. "தப்பிச்சோம்" என்றார். பி.யூ. என்றால் தின்னருக்கு மசியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அரை மில்லி மரத்தில் சுரண்ட என்ன இருக்கிறது?

கதவுகளைக் கழற்றிப் படுக்கப் போட்டு, தின்னரில் நனைத்த பழந்துணியை விரித்து, மேலே பாலிதீன் தாளால் மூடிவிட்டார். ஆவியாகாமல் ஊறியதும் லாக்கர் கூழாக எழும்பி வந்தது. வரி ஓடும் திசையிலேயே துணியால் வழித்தார், முனைகளுக்கு நைலான் நார். மிஷினைத் தொடவே இல்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்புக்கு விடுமுறை, பூஜை விளக்குக்கும் விடுமுறை. அத்தை வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கேற்ற அனுமதி கேட்டார். "சாமிக்குப் புரியும்மா, தின்னருக்குப் புரியாது" என்று மறுத்துவிட்டார். நனைந்த துணிகளைக் குவித்து வைக்கவும் விடமாட்டார், கொல்லைக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைக்க வேண்டும். எனக்கு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதும் வேலை. சாயங்காலம் வந்து கையுறை மாட்டிக்கொண்டு அவரோடு உட்கார்ந்துவிடுவேன். பேச்சுத் துணைக்கு என்றுதான் ஆரம்பித்தது, போகப் போக என் கையிலும் வேலை வந்தது.

லாக்கர் போனதும் கீல்களைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. எஃகுப் பஞ்சால் தேய்த்து, அதன் தூளைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்பும் சேர்ந்தால் கருப்புதான். அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவி, கருப்பு கலைந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்தார். விஷச் சரக்கு, காய்ந்தால் பொடியாகப் பறந்து மூக்கில் ஏறும் என்று பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடவில்லை. பசை வழிந்து ஸ்டெய்ன் பிடிக்காத இடங்களில் மட்டும், கட்டையில் சுற்றிய நைஸ் உப்புத்தாளால் வரிப்போக்கில் நாலு இழுப்பு. வினீரை ஒட்டும்போது பிதுங்கும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அது மரத்தின் துளைகளை அடைத்துக்கொள்ளும், பிறகு எந்தச் சாயமும் உள்ளே போகாது. அவர் வேலை கற்ற காலத்தில் வஜ்ஜிரம் காய்ச்சித்தான் ஒட்டுவார்களாம். நாற்றம் தாங்காது, ஆனால் ஒட்டியது பிடிக்கவில்லை என்றால் சூடு காட்டிப் பிரித்துவிடலாம். 1959இல் ஃபெவிகால் வந்த பிறகு மெல்ல மெல்ல வஜ்ஜிரச் சட்டி பட்டறையை விட்டுப் போய்விட்டது.

பிறகு அவர் நான்கு கதவுகளையும் மொட்டைமாடிக்குத் தூக்கி, நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேக்கு அறுத்த புதிதில் பச்சையும் பழுப்புமாகக் கோடு கோடாகத்தான் இருக்கும், வெளிச்சம் பட்டால்தான் பொன்னிறத்துக்கு வரும். ஜன்னல் பக்கக் கதவுக்கு அது கிடைத்துவிட்டது, மூலைக் கதவுக்குக் கிடைக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது நான்காவது கதவு மற்றவற்றை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது. சல்லிக்காசு சாயம் செலவில்லை. பகலில் கதவைத் தூக்கி இடம் மாற்றி வைத்ததற்கு அத்தை என்னிடம்தான் கூலி கேட்டார்.

அவலரக்கும் வண்ணப் பொடிகளும் நயினியப்ப நாயக்கன் தெருவில் வாங்கியவை. நானும் கூடப் போயிருந்தேன். அவலரக்கு என்பது பூச்சி தருவது. குசும், புரசு மாதிரியான மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, உருக்கி, தாளாக இழுத்து உடைத்தால் அவல் வடிவில் வரும். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும்தான் அதிகம். ராஞ்சியில் இதற்கென்றே 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதை ஸ்பிரிட்டில் ராத்திரி ஊறப் போட்டு, காலையில் மல் துணியில் வடிகட்டி, தண்ணியாக ஒரு பூச்சு கொடுத்தார். இந்தப் பூச்சுதான் அவருக்கு ஆதாரம். இதற்கு மேலே வைக்கிற நிறம் சரிவரவில்லை என்றால் துடைத்துவிடலாம், மரத்துக்குள் இறங்காது. கான்ட்ராக்டரின் ஆட்கள் வெறும் மரத்திலேயே நேராக ஸ்டெய்னைக் கொட்டியிருந்தார்கள், அதனால்தான் திட்டு விழுந்தது.

"இன்னா கலர்ம்மா ஓணும்?" என்று கேட்டார். ஷேடு கார்டு எதுவும் காட்டவில்லை. அத்தை பதில் பேசாமல் ரங்கூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் உட்புறத்தையும் பார்த்தார். "யம்மா, இது அறுவது வருச வெளிச்சம். இத நான் டப்பால கலக்க முடியாது. ஆனா இது எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியுது, அந்தப் பக்கம் திருப்பி வுடுறேன்." மஞ்சள் காவி, செங்காவி, அம்பர், விளக்குக் கரி என்று நாலைந்து பொட்டலம். முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் துளி சிவப்பு, கடைசியாகத்தான் இருட்டு. ஒவ்வொன்றும் அரக்கில் கலந்து கண்ணாடித்தாள் தடிமன்கூட இல்லாத பூச்சு. போட்ட கருப்பை மட்டும் தனியாக எடுக்க வழி கிடையாது, போடாத கருப்பை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

கர்ஜன் தெரிந்த விளிம்புகளுக்கு அவர் எடுத்த பொடியைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். பச்சை! சிவந்த இடத்தைப் பழுப்பால் மூடினால் அது செம்பழுப்பாகத்தான் கிளம்பும். துளியூண்டு பச்சை வைத்துச் சிவப்பைச் சாகடித்து, அது செத்த மண்ணிறமானதும் மேலே மஞ்சள் காவியில் தேக்கை எழுப்பினார். நிறம் வந்தும் அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது, வரி இல்லையே. ஓவியர் வைத்திருக்கும் மயிரிழைத் தூரிகையால், பக்கத்துத் தேக்கில் வந்து நின்றுபோன ஒவ்வொரு வரியையும் திட்டின் மேல் இழுத்து அந்தக் கரை சேர்த்தார். முழுசாக இழுக்கமாட்டார், விட்டு விட்டு. மரத்தில் எந்த வரியும் ஒரே கனத்தில் ஓடுவதில்லை. எனக்கு இந்த வேலைதான் பிடித்தது. கணக்கெழுதும் கை, கோடு நடுங்காது என்று இரண்டு கதவின் கீழ்விளிம்பை என்னிடம் விட்டார்.

நிறம் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு பிடிவாதம். காலை பத்து மணிக்குமேல், வடக்குப் பார்த்த ஜன்னலோரம். டியூப் லைட்டில் ஒருபோதும் முடிவு செய்யமாட்டார். வெவ்வேறு பொடிகளில் கலந்த இரண்டு பழுப்புகள் பகலில் ஒன்றாகத் தெரியும், எல்.இ.டி. விளக்கைப் போட்டால் ஒன்று பச்சையடிக்கும், ஒன்று சிவக்கும். விளக்கில் எந்த நிறக் கதிர் குறைவோ அதை நம்பி நிற்கும் பழுப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னலில் முடிவெடுத்த பிறகு படுக்கையறை விளக்கைப் போட்டு இன்னொரு தரம் பார்ப்பார். இரண்டிலும் தாங்குகிறதா என்பதுதான் பரீட்சை. இரண்டில் ஒன்றில்தான் சேரும் என்றால் எதற்கு முன்னுரிமை என்று கேட்டேன். "அலமாரிய எப்பம்மா தொறக்கப் போற? காலைல ஆபீஸ் போறச்சொல்ல, ராத்திரி படுக்கறச்சொல்ல. நடுப்பகல்ல யாரு பாக்கப் போறா?" விளக்குக்குத்தான் என் ஓட்டு என்றேன். அதன்படி நான்காவது கதவில் துளி சிவப்பைக் குறைத்தார்.

மேல்பூச்சுக்கும் நேரம் உண்டு. பங்குனியிலும் விடியற்காலைக் காற்று ஈரமாகத்தான் இருக்கும். வெயில் ஏறி அது வற்றியதும் தொடங்குவார். மதியம் கடல்காற்று கிளம்பியதும் ஏறக்கட்டிவிடுவார். மாதவரம் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தக் காற்று வந்து சேர்வதை அவர் தோலால் கண்டுபிடித்தார். எண்ணூர் பக்கம் வேலை செய்த காலத்தில் ஈரத்துக்குப் பயந்ததைவிட அனல்மின் நிலையச் சாம்பலுக்குத்தான் பயந்தாராம். காற்று திரும்பினால் காயாத பாலிஷ் மேல் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து. எண்ணூரின் பழைய நிலையத்தை 2017இல் மூடினார்கள். எங்கள் வீட்டில் அவருக்கு எதிரி மெட்ரோ புழுதிதான். அறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, அது காய்ந்து, மின்விசிறியை நிறுத்தி, யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டபின் தொடங்குவார். பஞ்சை மல் துணியில் பொதிந்து, அரக்கில் தோய்த்து, எட்டுப் போட்டுக்கொண்டே கை நிற்காமல் போகும். நின்ற இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். அரக்கு மட்டும் போதாது, தண்ணீர்ச் சொட்டுக்கும் சூட்டுக்கும் தாங்காது என்பதால் கடைசியில் மேட் லாக்கர் இரண்டு கோட். எந்த லாக்கர் எங்கள் அலமாரியைக் கெடுத்ததோ அதே லாக்கர்தான். காய்ந்த காற்றில், பகலில், மெல்லிசாக.

அலமாரி முடிந்த அன்று அத்தை பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றல்ல, ஆனால் ஒரே குடும்பம் என்று சொல்லலாம். நான்காவது கதவின் நேர்வரி நேர்வரியாகவே இருக்கிறது, அதை யாராலும் மாற்ற முடியாது. நிறம் மட்டும் வந்து சேர்ந்துகொண்டது. கிட்டே போய்த் தேடினால் விளிம்பில் நாங்கள் வரைந்த வரிகளைக் கண்டுபிடிக்கலாம். தேடுகிறவர்களுக்குக் காபி கிடையாது என்று வீட்டில் சட்டம்.

இதோடு முடிந்திருக்கும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. தரைத்தளம், கணுக்கால் அளவு. நாங்கள் மேல்வீட்டில் ஒண்டிக்கொண்டோம். வடிந்த பிறகு பார்த்தால் அலமாரியின் அடிப்பலகை ஊதியிருந்தது, கதவுகளின் அடியில் வினீர் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. மேஸ்திரியை உடனே கூப்பிட மனம் வரவில்லை. அவர் பக்கம் நிலைமை அதைவிட மோசம். மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவிய நாட்கள் அவை. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கருப்புப் பிசின். அவரே தையில் போன் செய்தார். "அலமாரி எப்படிக் கீது?" வீட்டைக் கேட்டேன். "சொவத்துல ஒரு கோடு கீது. மண்ணெண்ண போட்டுத் தொடைச்சேன், போவல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

வந்து பார்த்துவிட்டு, ஊதிய அடிப்பலகையைக் காப்பாற்ற முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். தூளை அமுக்கிச் செய்த பலகை, ஒருமுறை தண்ணீர் குடித்தால் திரும்பாது. அதை எடுத்துவிட்டு நல்ல பிளையில் புதிதாகப் போட்டோம். கொப்புளங்களுக்கு வைத்தியம் உண்டு. பிளேடு முனையால் வரிப்போக்கில் ஒரு கீறல், ஊசி போடும் சிரிஞ்சில் பசை ஏற்றிக் கீறல் வழியாக உள்ளே செலுத்தி, விரலால் பரப்பி, வழிந்ததைத் துடைத்து, எண்ணெய்த்தாள் போட்டு, மேலே துணி, அதன் மேல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டி. சில இடங்களில் புதுப் பசைகூடத் தேவைப்படவில்லை. வெள்ளைப் பசை சூட்டில் இளகும், ஆறும்போது மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அமுக்கிப் பிடித்து ஆறவிட்டால் போதும். ராத்திரி முழுக்க அரிசி மூட்டையைப் பாரமாக வைத்தோம். இதில் பாதிக்குமேல் நான் செய்தது.

நிறத்துக்குப் போன பங்குனியின் மிச்சம் ஒரு பாட்டில் இருந்தது. மேஸ்திரி அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டார். கரைத்த அரக்கு மாதக்கணக்கில் கிடந்தால் காயும் குணத்தை இழந்துவிடும், பூசினால் பிசுபிசுத்தே நிற்கும். பொடி அளவுகளை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதுவும் ஒத்துவரவில்லை. இடைப்பட்ட மாதங்களில் கதவுகள் தம் பாட்டுக்குப் பொன்னிறம் ஏறிவிட்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து கலந்தோம், இந்தத் தடவை சிவப்பே சேர்க்காமல். அதையும் பனி வற்றி மாசி வெயில் ஏறிய பிறகுதான் பூசினார்.

வீட்டில் வினீர் வேலை நடக்கிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்வேன். ஷீட் வாங்கும்போது எல்லாக் கதவுக்கும் ஒரே கட்டிலிருந்து, வரிசை மாறாமல் வாங்குங்கள். சாம்பிளைக் கடையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள், அதே ஷீட்டின் துண்டில் பாலிஷ் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, அலமாரி நிற்கப்போகிற அறையிலேயே பகலிலும் விளக்கிலும் பாருங்கள். வேலை முடிந்ததும் ஆசாரி குப்பையில் தள்ளும் துண்டுகளில் பாலிஷ் போடாததாக ஒரு முழம் வாங்கி அலமாரியின் பின்னால் செருகி வையுங்கள். ஐப்பசியில்தான் முகூர்த்தம் என்றால், பாலிஷ் போடாத அலமாரியோடு குடிபோங்கள். பால் காய்ச்சுவதற்கு அலமாரி பளபளக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை.